டிவிடி கேடியில் போட்ட ஹார்டு டிஸ்க்: அந்த ‘டிக்’ ஒருவழியாக நின்றது

கேமில் கார் ஓட்டிக்கொண்டே நகரத்தின் அடுத்த பகுதிக்குள் நுழையும்போது திரை ஒரு நொடி உறைந்து, அப்புறம் ஓடும். பல மாதங்களாக உயிரை வாங்கிக்கொண்டிருந்த இந்தத் தொல்லை ஒழிந்துவிட்டது. கிராபிக்ஸ் டிரைவரை மாற்றச் சொன்னவர்கள், ரேம் கூட்டச் சொன்னவர்கள் எல்லாரும் மன்னிக்கவும், குற்றவாளி டிஸ்க்கின் ஏபிஎம் செட்டிங், அதாவது மின்சாரம் மிச்சம் பிடிக்க டிஸ்க்குக்குள்ளேயே இருக்கும் ஏற்பாடு.

செட்டப் இதுதான்: ஜிடிஎக்ஸ் 950எம் உள்ள பழைய லேப்டாப், விண்டோஸ் எஸ்எஸ்டியில் இருக்கிறது. லேப்டாப்போடு வந்த 1 டிபி, 5400 ஆர்பிஎம் டிஸ்க்கை டிவிடி டிரைவ் இருந்த இடத்தில் கேடி (டிவிடி டிரைவ் வடிவிலேயே வரும், டிஸ்க்கைப் பொருத்தும் சட்டம்) வைத்துச் செருகி, கேம் லைப்ரரியை அதில் போட்டிருக்கிறேன். கேடி வாங்குகிறவர்கள் தடிமனைப் பார்த்து வாங்குங்கள், 9.5 மிமீ, 12.7 மிமீ என்று இரண்டு வகை உண்டு. சில கேடிகளின் பக்கவாட்டில் பொடி சைஸ் ஸ்விட்ச் ஒன்று இருக்கும். டிஸ்க் தெரியவில்லை என்றால் கடைக்காரரோடு மல்லுக்கு நிற்பதற்கு முன் அதை நகர்த்திப் பாருங்கள்.

வழக்கமான வேலைகளை முதலிலேயே முடித்துவிட்டேன். அவற்றில் நன்றாகத் தெரிந்த பலன் பார்ட்டிஷனில்தான். பழைய சி டிரைவ் டிஸ்க்கின் தொடக்கத்தில் சும்மா கிடந்தது, கேம்கள் பின்பாதியில் இருந்தன. எல்லாவற்றையும் அழித்துவிட்டு கேம் பார்ட்டிஷனை முதலில் வைத்தேன். டிஸ்க்குக்குள் சுற்றும் தட்டின் வெளிவட்டத்தில் ஒரு சுற்றுக்கு அதிக செக்டர்கள் அடங்கும் என்பதால் அங்கே வேகம் அதிகம். டிஸ்க் வேகத்தை அளக்கும் எச்டி டியூன் புரோகிராமில் கோடு நொடிக்கு 120 எம்பிக்கு மேல் தொடங்கி, கடைசியில் 60க்குப் பக்கத்தில் வந்து படுத்துவிடுகிறது. லோடிங் நேரம் கண்ணுக்குத் தெரியும் அளவுக்குக் குறைந்தது. ஆனால் ஓட்டத்தின் நடுவில் வரும் அந்த உறைதல் மட்டும் அப்படியே இருந்தது.

பவர் ஆப்ஷனில் ‘டர்ன் ஆஃப் ஹார்டு டிஸ்க்’ என்பதை 0 ஆக்கினால் போதும் என்று எல்லா வீடியோவிலும் சொல்கிறார்கள். அது மோட்டாரை நிறுத்தும் நேரம். என் டிஸ்க்கின் மோட்டார் நிற்கவே இல்லை, சுற்றிக்கொண்டுதான் இருந்தது. தட்டிலிருந்து படிக்கும் ஹெட் மட்டும் தட்டை விட்டு விலகி ஓரத்தில் உள்ள சரிவில் ஏறி உட்கார்ந்துவிடும். லேப்டாப் டிஸ்க்குகளில் மின்சாரம் மிச்சம், கீழே விழுந்தாலும் தட்டுக்குச் சேதம் குறைவு என்பதற்காக வைத்த ஏற்பாடு. கேமுக்கோ இது எமன். ஒரு பகுதியின் டெக்ஸ்ச்சர் எல்லாம் ரேமுக்குப் போனதும் டிஸ்க்குக்குச் சில நொடி வேலை இருக்காது. உடனே ‘டிக்’ என்று ஹெட் ஏறிவிடும். அடுத்த தெருவில் திரும்பினால் புது ஃபைல் வேண்டும், ஹெட் இறங்க வேண்டும், அதுவரை கார் நடுரோட்டில் நிற்கும்.

சந்தேகத்தை உறுதிசெய்ய டிஸ்க்கின் உடல்நிலையைக் காட்டும் கிரிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ புரோகிராம் போதும். அதில் பார்க்க வேண்டியது சி1 என்ற வரி, அதாவது லோட் அன்லோட் சைக்கிள் கவுண்ட், ஹெட் எத்தனை முறை ஏறி இறங்கியது என்ற கணக்கு. அதில் ரா வேல்யூ (நிஜ எண்ணிக்கை) எழுத்தும் எண்ணும் கலந்த ஹெக்ஸில் காட்டும், ஃபங்ஷன் மெனுவின் அட்வான்ஸ்டு ஃபீச்சரில் சாதாரண டெசிமலுக்கு மாற்றிக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் ஏறுகிறதா என்றே புரியாது. விண்டோ மோடில் கேமை ஓடவிட்டு, பக்கத்தில் இதைத் திறந்து வைத்து ரெஃப்ரஷ் செய்துகொண்டே ஓட்டினேன். ஒவ்வொரு ‘டிக்’குக்கும் எண் ஒன்று கூடியது. இந்த வகை டிஸ்க்குகளுக்குப் பொதுவாக 6,00,000 முறை என்று வரம்பு போட்டிருப்பார்கள். என்னுடையது அதில் பாதியைத் தாண்டியிருந்ததைப் பார்த்ததும் வயிறு கலங்கியது.

மருந்து அதே மெனுவில் இருக்கிறது. ஏஏஎம் / ஏபிஎம் கன்ட்ரோலில் (ஏஏஎம் என்பது சத்தத்தைக் குறைக்கும் செட்டிங், நமக்கு வேண்டாம்) டிஸ்க்கைத் தேர்ந்தெடுத்து ஏபிஎம் மதிப்பைக் கூட்ட வேண்டும். 1 முதல் 127 வரை மோட்டாரையும் நிறுத்த அனுமதி, 128 முதல் 254 வரை மோட்டார் நிற்காது. 128இல் வைத்தால் பிரச்சினை தீரும் என்று நினைக்காதீர்கள், ஹெட் அப்போதும் ஏறும், என் டிஸ்க் வந்ததே அந்த மதிப்பில்தான். 254 வைத்த உடனே சத்தம் நின்றது. சி1 எண் மணிக்கணக்கில் அசையவில்லை.

ஆனால் லேப்டாப்பை அணைத்துப் போட்டால் மறுபடி 128. டிஸ்க் இந்த மதிப்பை நினைவில் வைத்துக்கொள்ளாது, கரன்ட் போனால் பழைய குணம் வந்துவிடும். அதற்கு ‘ஆட்டோ ஏஏஎம் / ஏபிஎம் அடாப்ஷன்’ என்று ஒன்றைக் கொடுத்திருக்கிறார்கள். அதை டிக் செய்து, கூடவே ரெசிடென்ட் (பின்னணியில் ஓட), ஸ்டார்ட்அப் (விண்டோஸோடு தொடங்க) இரண்டையும் டிக் செய்தால்தான் புரோகிராம் விண்டோஸோடு எழுந்து மதிப்பைத் திரும்ப அனுப்பும். ஸ்லீப்பிலிருந்து எழுந்த பிறகு நான் இன்னமும் ஒருமுறை திறந்து பார்த்துக்கொள்கிறேன், நம்பிக்கை அவ்வளவுதான்.

இதற்கு விலை உண்டு. டிஸ்க் கொஞ்சம் கூடுதலாகச் சுடுகிறது, அடிக்கிற வெயிலில் கூலிங் பேட் இல்லாமல் கேம் போடுவதில்லை. ஹெட் எப்போதும் தட்டின் மேல் இருப்பதால், ஓடும்போது லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு சோபாவுக்குப் போகிற பழக்கத்தையும் விட வேண்டியதாயிற்று. யுஎஸ்பி பெட்டிக்குள் டிஸ்க் வைத்திருப்பவர்கள் ரொம்ப ஆசைப்படாதீர்கள், பல பெட்டிகள் இந்தக் கட்டளையை உள்ளே விடுவதே இல்லை. அப்புறம், டிவைஸ் மேனேஜரில் ரைட் கேஷ் ஃப்ளஷிங்கை (எழுத வேண்டியது தற்காலிக நினைவகத்தில் தேங்காமல் டிஸ்க்குக்குப் போகச் செய்வதை) அணைக்கச் சொல்லும் ‘டிப்ஸ்’ பக்கம் போகாதீர்கள். கேம் படிப்பதுதான் அதிகம், எழுதுவது குறைவு. கரன்ட் கட் ஆனால் சேவ் ஃபைலோடு எல்லாம் போகும்.

எஃப்பிஎஸ் (நொடிக்கு எத்தனை ஃபிரேம்) ஏறியதா என்று கேட்பீர்கள். ஏறவில்லை, டிஸ்க் வேலையால் அது ஏறவும் ஏறாது.

போன வாரம் சென்னையின் எலக்ட்ரானிக்ஸ் சந்தையான ரிச்சி தெரு பக்கம் போனபோது 1 டிபி சாட்டா எஸ்எஸ்டி விசாரித்தேன். கேடியில் அதைப் போட்டுவிட்டால் இந்தப் பாடு எதுவும் இல்லை, உண்மைதான். டிரேம் கேஷ் (எஸ்எஸ்டிக்குள்ளேயே இருக்கும் வேகமான நினைவகம்) உள்ள மாடலா என்று கேட்டால் பாதிக் கடைகளில் முழிக்கிறார்கள், பெட்டியிலும் போட்டிருப்பதில்லை. பழைய லேப்டாப்பிலிருந்து கழற்றிய டிஸ்க்குகளும் குவியலாகக் கிடைக்கின்றன. வாங்குவதாக இருந்தால் கையோடு லேப்டாப்பும் சாட்டா-யுஎஸ்பி கேபிளும் கொண்டுபோய், எத்தனை மணி நேரம் ஓடியது என்பதோடு இந்த சி1ஐயும் பார்த்துவிட்டுப் பணம் கொடுங்கள்.

அதற்குள் பாக்கி ஒன்று இருக்கிறது. கேம் பார்ட்டிஷனை 64 கேபி அலொகேஷன் யூனிட்டில் (டிஸ்க்கில் ஃபைலுக்கு இடம் ஒதுக்கும் சிறு துண்டின் அளவு) ஃபார்மேட் செய்து பார்க்க வேண்டும். லைப்ரரியை வெளி டிஸ்க்குக்கு நகல் எடுப்பது ஓடிக்கொண்டிருக்கிறது. இப்போதைய கேம்கள் பெரிய பெரிய பேக் ஃபைல்களாகத்தான் வருகின்றன, அதனால் பெரிய மாற்றம் இருக்கும் என்று எனக்குத் தோன்றவில்லை. 4 கேபிக்கு மேல் போனால் ஃபைலைச் சுருக்கி வைக்கும் என்டிஎஃப்எஸ் கம்ப்ரஷனும் கிடையாது. யாராவது 5400 டிஸ்க்கில் செய்து பார்த்திருந்தால் லோடிங் நேரத்தை மட்டும் சொல்லுங்கள், நகல் முடிய எப்படியும் நாளைக் காலை ஆகிவிடும்.