பம்பரை நம்ப வேண்டாம்: ஒரு பழைய எம்.ஜி.பி-யின் வருடம் தெரிந்த கதை

என் கைக்கு வந்த எம்.ஜி.பி ரோட்ஸ்டரின், அதாவது இரண்டு இருக்கை கொண்ட பழைய பிரிட்டிஷ் திறந்த ஸ்போர்ட்ஸ் காரின், பதிவு ஆவணத்தில் 1971 என்று இருந்தது. குரோம் பம்பர், மடக்கும் கூரை எல்லாமே அந்த வருடத்துக்குப் பொருந்தின. ஆனாலும் பக்கத்தில் நின்று பார்த்தால் வண்டி கொஞ்சம் உயரமாகத் தெரிந்தது. பாகங்கள் வாங்கும் முன் இதைத் தீர்த்துவிட வேண்டும் என்று இறங்கினேன்.

இங்கிலாந்தின் அபிங்டன் ஆலையில் 1962 முதல் 1980 வரை வந்த கார் இது. வெளித்தோற்றம் அதிகம் மாறவில்லை என்பதால்தான் குழப்பமே. பெரிய மாற்றம் 1974 செப்டம்பரில் வந்தது. அமெரிக்கப் பாதுகாப்பு விதிகளுக்காக குரோம் பம்பரை எடுத்துவிட்டுக் கனமான கறுப்பு ரப்பர் பம்பரை வைத்தார்கள். வண்டியின் உயரத்தையும் ஏறத்தாழ ஒரு அங்குலம் கூட்டினார்கள். பலருக்கு அந்தக் கறுப்பு மூக்கு பிடிக்காது. அதனால் பிற்கால வண்டிகளுக்குப் பழைய குரோம் பம்பரை மாட்டுவது இந்த ரசிகர்களிடையே சகஜமான வேலை. பம்பர், கிரில், சின்னம் மூன்றையும் ஒரு வார இறுதியில் மாற்றிவிடலாம், எஞ்சினைக்கூட மாற்றிவிடலாம். ஆகவே கழற்றி மாட்ட முடியாததை மட்டும் சாட்சியாக எடுத்துக்கொள்வது என்று முடிவு செய்தேன்.

முதலில் இருக்கைக்குப் பின்னால் இருக்கும் மூடியைத் திறந்தேன். குரோம் பம்பர் காலத்து வண்டி என்றால் அங்கே இரண்டு பக்கமும் ஒவ்வொரு 6 வோல்ட் பேட்டரிக்குத் தொட்டி இருக்க வேண்டும். ரப்பர் பம்பர் வண்டியில் ஒரே 12 வோல்ட் பேட்டரிதான். என் வண்டியில் ஒரு தொட்டிதான் இருந்தது. மறுபக்கம் முழுத் தகடு. வெட்டியதற்கோ பற்றவைத்ததற்கோ அடையாளமே இல்லை, ஆலையிலிருந்து வந்த வழவழப்பு அப்படியே இருந்தது. முன்பக்கம் கீழே படுத்துப் பார்த்தபோது, சேசிஸ் நுனியில் கிரைண்டர் ஓடிய தடம் பெயின்ட்டுக்கு அடியில் கையில் தட்டுப்பட்டது. ரப்பர் பம்பரின் தாங்கிகளை அங்கேதான் அறுத்திருக்கிறார்கள்.

அடுத்து ரேடியேட்டர். 1977 மாடலில் அதை முன்னுக்குத் தள்ளி, மின்விசிறி வைத்தார்கள். என்னுடையதில் ரேடியேட்டர் எஞ்சினை ஒட்டிப் பழைய இடத்திலேயே இருந்தது, எஞ்சினே சுற்றும் விசிறியோடு. ஆக 1974-இன் கடைசிக்கும் 1976-க்கும் இடையில்.

மிச்சத்தை வண்டியின் அடையாள எண் பொறித்த சேசிஸ் தகடு சொன்னது. அதன் மேல் யாரோ தாராளமாகப் பெயின்ட் அடித்திருந்தார்கள். தின்னரில் நனைத்த துணியால் மெதுவாகத் துடைக்கத் துடைக்க எழுத்துகள் ஒவ்வொன்றாக வந்தன: ஜி, ஹெச், என், 5, யூ, ஜி. முதல் எழுத்து எம்.ஜி நிறுவனத்துக்கு, இரண்டாவது எஞ்சின் அளவுக்கு, என் என்பது இரண்டு இருக்கைத் திறந்த காருக்கு. மூடிய கூரை ஜி.டி-யில் அந்த இடத்தில் டி வரும். 5 என்பது வரிசை. யூ அமெரிக்க ஏற்றுமதி. கடைசி எழுத்துதான் மாடல் வருடம்: ஏ என்றால் 1970, பி 1971, அப்படியே எண்ணிக்கொண்டு போனால் ஜி 1976. ஆவணத்தில் இந்த முன்னெழுத்துகளை விட்டுவிட்டு வெறும் எண்களை மட்டும் எழுதியிருந்தார்கள், அதனால்தான் தப்பு இத்தனை காலம் மாட்டாமல் இருந்திருக்கிறது. இன்றைய 17 எழுத்து வாகன அடையாள எண் முறை 1981-இல்தான் வந்தது. அதற்கு முந்தைய கார்களுக்கு ஒவ்வொரு நிறுவனத்தின் கணக்கையும் தனியாகத்தான் படிக்க வேண்டும்.

உறுதிப்படுத்த, கேடனில் உள்ள பிரிட்டிஷ் மோட்டார் அருங்காட்சியகத்துக்கு எண்ணை அனுப்பி ஹெரிடேஜ் சான்றிதழ் கேட்டேன். ஆலையின் பதிவேட்டிலிருந்து எடுத்துத் தருகிறார்கள். கட்டணம் உண்டு, ஆனால் தாராளமாகக் கொடுக்கலாம். வண்டி கட்டி முடிந்தது 1975 நவம்பர் என்று வந்தது. இதில் முரண்பாடு எதுவும் இல்லை. மாடல் வருடம் முந்தைய ஆண்டின் இலையுதிர் காலத்திலேயே தொடங்கிவிடும். பிறந்த வருடம் வேறு, மாடல் வருடம் வேறு, முதல் பதிவு வருடம் இன்னும் வேறாக இருக்கலாம். பாகம் வாங்கப் போகும்போது மாடல் வருடத்தைத்தான் சொல்ல வேண்டும்.

இதைத் தீர்க்காமல் 1971-க்கான பின் ஸ்பிரிங்குகளை வாங்கியிருந்தால் அவை இந்த வண்டிக்கான உயரத்தைத் தந்திருக்காது. இப்போது 1976-க்கானதைச் சொல்லிவிட்டேன். குரோம் பம்பர் அப்படியே இருக்கட்டும், எனக்கும் அதுதான் பிடித்திருக்கிறது. ஆவணத்தில் வருடத்தைத் திருத்த மனு கொடுத்திருக்கிறேன். சான்றிதழின் நகலையும் துடைத்த தகட்டின் படத்தையும் அதோடு இணைத்திருக்கிறேன்.