34401ஏ மல்டிமீட்டரைக் கணினியிலிருந்து இயக்கிப் பார்த்த அனுபவம்

எங்கள் தோட்டத்துக் கோயில் ஒலிபெருக்கிக்கு வைத்திருக்கும் 12 வோல்ட் ஈய-அமில பேட்டரி திருவிழா இரவு முழுவதும் தாங்குமா என்பதை அளந்து பார்த்துத்தான் சொல்ல முடியும். அதற்காக, மலேசியாவின் ஈப்போவில் பழைய பொருளாக வாங்கிய ஹியூலெட்-பேக்கார்ட் 34401ஏ மல்டிமீட்டரை, சுங்கை சிப்புட்டில் என் வீட்டு மேசையில் ஆர்எஸ்-232 என்ற தொடர்வழித் தகவல் கேபிள் வழியாகக் கணினியோடு இணைத்து, அளவீட்டுக் கருவிகளை இயக்கும் கட்டளை மொழியான எஸ்சிபிஐயின் கட்டளைகளால் இயக்கி வருகிறேன்.

1990இல் வெளிவந்த எஸ்சிபிஐ, கருவிகளும் கணினியும் செய்தி பரிமாறும் முறையை வகுத்த 1987ஆம் ஆண்டின் ஐஇஇஇ 488.2 தரத்தை அடித்தளமாகக் கொண்டது. நட்சத்திரக்குறியோடு தொடங்கும் பொதுக் கட்டளைகள் அத்தரத்துக்கு உரியவை. *ஐடிஎன்? என்று கேட்டால் தயாரிப்பாளர், மாடல், வரிசை எண், ஃபர்ம்வேர் (கருவிக்குள் பதிந்த மென்பொருள்) பதிப்பு ஆகிய நான்கும் காற்புள்ளிகளுக்கிடையே வரும். இந்த மாடலில் வரிசை எண்ணின் இடத்தில் 0 மட்டுமே இருக்கும். ஆர்எஸ்-232 வழியில் அளக்கத் தொடங்குமுன், கருவியைக் கணினியின் கட்டுப்பாட்டுக்கு மாற்றும் சிஸ்ட்:ரெம் கட்டளையை அனுப்பிவிட வேண்டும். இல்லையேல் 550 என்ற பிழை எண் பதிவாகும்.

இம்மொழியின் உயிர் அதன் நிறுத்தக்குறிகளில் இருக்கிறது. கட்டளைகள் ஒரு மரத்தின் கிளைகளைப் போல அடுக்கப்பட்டுள்ளன. முக்காற்புள்ளி ஒரு கிளையிலிருந்து அதன் உட்கிளைக்கு இறங்குகிறது. அரைப்புள்ளி, இறங்கிய இடத்திலேயே நின்று அடுத்த கட்டளையைத் தொடர்கிறது. ஆகவே வோல்ட்:டிசி:ரேஞ்ச் 100;என்பிஎல்சி 100 (அளக்கும் வீச்சு 100 வோல்ட், ஓர் அளவீட்டின் நேரம் 100 மின்சாரச் சுழற்சிகள்) என ஒரே வரியில் எழுதினால், இரண்டாவது பகுதியும் டிசி கிளைக்குள்ளேயே புரிந்துகொள்ளப்படும். வேறு கிளைக்குச் செல்ல, அரைப்புள்ளியை அடுத்து ஒரு முக்காற்புள்ளியையும் இட்டு வேருக்குத் திரும்ப வேண்டும். இவ்வளவு கச்சிதமான இலக்கணத்தை நான் வேறெந்தக் கருவியிலும் கண்டதில்லை.

வீச்சை, அதாவது கருவி அளக்கும் மின்னழுத்த எல்லையை, 100 வோல்ட்டில் நிறுத்தியதற்குக் காரணம் உண்டு. 10 வோல்ட் வீச்சு 12 வோல்ட் வரையே அளக்கும். முழுதாகச் சார்ஜ் ஏறிய பேட்டரியோ 12.7 வோல்ட்டை எட்டும். அப்போது கருவி, 9.9 பெருக்கல் பத்தின் 37ஆம் அடுக்கு என்ற பேரெண்ணைத் திருப்பி அனுப்பும். அது அளவீடன்று, வீச்சு மீறியதற்கான அடையாளம். நிரல் அதைப் பிரித்தறிந்து ஒதுக்காவிட்டால் வரைபடமே கெட்டுவிடும்.

கட்டளைகளின் வரிசையும் முக்கியம். மெஷர் கட்டளை, அமைத்தல், அளத்தல், பதிலனுப்புதல் மூன்றையும் ஒரே மூச்சில் செய்வதால் வசதியானது; ஆனால் நாம் முன்பு இட்ட என்பிஎல்சி மதிப்பை அழித்துத் தன் இயல்புநிலைக்கு மாற்றிவிடும். எனவே முதலில் அமைக்க மட்டும் செய்யும் கான்ஃபிகர், பிறகு என்பிஎல்சி, இறுதியில் அளந்து பதிலனுப்பும் ரீட்? என்ற வரிசையையே கையாளுகிறேன். நம் நாட்டு 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தில் 100 சுழற்சிகள் 2 விநாடி பிடிக்கும். கருவி தன் பூச்சியத்தையும் ஒவ்வொரு முறையும் சரிபார்ப்பதால் அந்நேரம் ஏறத்தாழ இரட்டிப்பாகும். நிரலின் காத்திருப்பை 10 விநாடியாக வைத்த பிறகு அளவீடுகள் விடுபடாமல் பதிவாகின்றன.

ஒவ்வோர் அமைப்புக்குப் பின்னும் சிஸ்ட்:எர்? என்று கேட்டு, 0 வரும்வரை பிழை வரிசையைப் படித்துத் தீர்க்கிறேன். கட்டளைப் பெயர் தவறினால் -113 வரும். இப்போது நிமிடத்துக்கு ஓர் அளவீடு கோப்பில் சேர்கிறது. அடுத்து, ஒலிபெருக்கியின் சுமையையே இணைத்து மின்னழுத்தம் இறங்கும் வேகத்தைப் பதிவு செய்யவிருக்கிறேன்.