மஞ்சள் கடுதாசி கொடுக்கப் போன கதை

வேலை போன எட்டாவது மாதம், இரண்டு கிரெடிட் கார்டும் ஒரு பர்சனல் லோனும் சேர்ந்து ஆறரை லட்சத்தில் நின்றன. கார்டுக்கு மினிமம் டியூ, அதாவது மாதாமாதம் கட்டியே ஆக வேண்டிய குறைந்தபட்சத் தொகையை மட்டும் கட்டிக்கொண்டிருந்தது என் முட்டாள்தனம். மீதிக்கு வட்டி மாதம் மூன்றரை சதவீதம் என்றால் வருடத்துக்கு 42.

"பேசாம மஞ்சக் கடுதாசி கொடுத்துடுங்க மாப்பிள்ளை" என்றார் மாமனார். கடனைக் கட்ட முடியவில்லை என்று கோர்ட்டில் திவால் மனுப் போடுவதைத்தான் அப்படிச் சொல்வார்கள். சரி என்று வக்கீலைப் பார்க்கப் போனேன். அந்த அம்மா சொன்ன பிறகுதான் விவரம் தெரிந்தது. 2016-ல் புதுத் திவால் சட்டம் வந்தாலும், அதில் தனிநபருக்கான பகுதி, கம்பெனிக் கடனுக்கு ஜாமீன் நின்றவர்களுக்கு மட்டும்தான் 2019 டிசம்பரில் அமலானது. என் போன்ற சம்பளக்காரனுக்கு இன்னமும் 1920-ம் வருடச் சட்டம்தான். சென்னைக்குள் இருந்தால் 1909. ஐந்நூறு ரூபாய் கடன் இருந்தாலே மனுப் போடலாம் என்று அதில் இருக்கிறதாம். அந்த நிலைமையிலும் சிரிப்பு வந்தது.

"உங்ககிட்ட வீடும் இல்ல, நிலமும் இல்ல. ஐ.பி., அதான் திவால் மனு, போட்டா கோர்ட்டுக்கு நடக்கிறதுதான் மிச்சம். பேங்க்ல ஓ.டி.எஸ். பேசுங்க, ஒரு தொகைக்குப் பேசி கடனை ஒரேயடியா முடிச்சுக்கிறது" என்றார்.

பேசுவதற்கு முன்னால் போன் தொல்லையை நிறுத்த வேண்டியிருந்தது. காலை ஆறரைக்கே கூப்பிட்டார்கள். அப்பா நம்பருக்கும் போட்டார்கள். காலை 8 மணிக்கு முன்னும் இரவு 7 மணிக்குப் பின்னும் வசூலுக்காகக் கூப்பிடக் கூடாது என்பது ரிசர்வ் வங்கி விதி. கால் லிஸ்ட்டை ஸ்க்ரீன்ஷாட் எடுத்து வங்கியின் குறைதீர் அதிகாரிக்கு மெயில் போட்டேன். 30 நாளில் பதில் வராவிட்டால், வங்கிகள் மீதான புகாரை விசாரிக்கும் ரிசர்வ் வங்கி ஆம்புட்ஸ்மேனுக்குப் போவேன் என்றும் ஒரு வரி சேர்த்தேன். அந்த ஒரு வரிதான் வேலை செய்தது என்று நினைக்கிறேன்.

ஒரு ஏஜென்ட் மட்டும் இனிமையாகப் பேசினார். "இன்னிக்கு நாப்பதாயிரம் போட்டுடுங்க சார், குளோஸ் பண்ணிடலாம்." லெட்டர் கேட்டேன். பணம் வந்ததும் லெட்டர் வருமாம். போடவில்லை. போட்டிருந்தால் அது வட்டியில் கரைந்திருக்கும்.

பெரிய கார்டு லோக் அதாலத்தில், அதாவது சமரசம் பேசி முடிக்கும் மக்கள் நீதிமன்றத்தில் முடிந்தது. கோர்ட் கட்டணம் இல்லை. அங்கே போடும் உத்தரவு தீர்ப்புக்குச் சமம், மேல்முறையீடும் கிடையாது. மூன்று லட்சத்துப் பத்தாயிரம் கேட்டவர்கள் ஒரு லட்சத்து எழுபதுக்கு இறங்கினார்கள், மூன்று தவணை. மனைவியின் வளையல்கள் அதில் போயின. அதைப் பற்றி எழுத இப்போது மனசில்லை. மற்ற இரண்டையும் வங்கிக்கே நேரில் போய்ப் பேசி முடித்தேன். வங்கி லெட்டர்ஹெட்டில் கணக்கு எண், தொகை, கடைசித் தேதி, 'முழு மற்றும் இறுதித் தீர்வு' என்ற வார்த்தை, நான்கும் இருக்கிறதா என்று பார்த்த பிறகே ஒவ்வொரு தவணையும் கட்டினேன்.

என் கடன் வரலாற்றைக் காட்டும் சிபில் அறிக்கையில் இப்போது முழுதாகக் கட்டி முடித்த 'குளோஸ்டு' இல்லை, குறைத்துப் பேசி முடித்த 'செட்டில்ட்' என்று நிற்கிறது. கொஞ்ச வருடத்துக்குப் புதுக் கடன் கிடைக்காது. எனக்கு அதில் வருத்தமில்லை. ஆனால் ஒரு கார்டு மட்டும் பாக்கி என்றே காட்டியது. பாக்கி இல்லை என்று வங்கி தந்த நோ டியூ சான்றிதழை இணைத்துப் புகார் கொடுத்தேன். 30 நாளுக்குள் தீர்க்காவிட்டால் நாளுக்கு 100 ரூபாய் இழப்பீடு தர வேண்டும் என்று விதி இருக்கிறது. 26-வது நாள் திருத்திவிட்டார்கள். "இன்னும் ஒரு வாரம் இழுத்திருக்கக் கூடாதா?" என்றாள் மனைவி.