411-க்கு அப்புறம் 415

கோயிலுக்கு வரி கட்டும் குடும்பங்களின் பட்டியலான புள்ளிப் பட்டியலில் விடுபட்டவர்கள் எல்லாருமே அரைப்புள்ளிகள், அதாவது துணையை இழந்தவர்கள், என்று கண்டுபிடித்தது பெரிய வேலை இல்லை. அதற்கு அப்புறம் அந்த அறையில் நடந்த பேச்சுதான் இன்னும் உறுத்துகிறது.

நகரத்தார் எனும் செட்டிநாட்டுச் செட்டியார்களின் 9 நகரக் கோயில்களில் ஒன்றின் அலுவலகம், எதென்று வேண்டாம். கும்பாபிஷேக வரிக்காக ஆக்சஸ் என்கிற டேட்டாபேஸ் புரோகிராமிலிருந்து பட்டியல் எடுத்து ஒட்டியிருக்கிறார்கள். ஓர் ஆச்சி போன் பண்ணி, "அவுக போனதோட என்னையும் கணக்குல இருந்து எடுத்துட்டீகளா?" என்று கேட்டாராம். அதேபோல இன்னும் சிலர். என்னைக் கூப்பிட்டார்கள்.

முதலில் ஃபைலை நகல் எடுத்துக்கொண்டேன். மூல ஃபைலில் நேராகக் கை வைக்கிற பழக்கம் எனக்கு இல்லை. டேபிளைத் திறந்து தேடினால் ஆச்சி பெயர் இருக்கிறது, ரிப்போர்ட்டில்தான் இல்லை. ரிப்போர்ட்டுக்குப் பெயர்களை எடுத்துத் தரும் க்வெரியைப் பார்த்ததும் விளங்கிவிட்டது. புள்ளி டேபிளையும் துணைவர் டேபிளையும் இன்னர் ஜாயின் போட்டு இணைத்திருந்தார்கள். இரண்டு பக்கமும் ஆள் இருந்தால்தான் பெயர் வரும். கணவன் மனைவி சேர்ந்து ஒரு புள்ளி, ஒருவர் காலமானால் இருப்பவர் அரைப்புள்ளி என்பது இந்தப் பக்கம் எல்லாருக்கும் தெரியும். புரோகிராம் எழுதிக் கொடுத்த வெளியூர்க்காரருக்கு யாரும் சொல்லவில்லை போல. துணைவர் இல்லாவிட்டாலும் புள்ளி டேபிளில் இருக்கிற பெயர் வரும்படி லெஃப்ட் ஜாயினாக மாற்றினேன். கேட்டவர்கள் அத்தனை பேரும் வந்துவிட்டார்கள்.

அத்தோடு எழுந்து வந்திருக்கலாம். ஒரு தடவை சரிபார்ப்போமே என்று புள்ளி டேபிளை எண் வரிசையில் ஓட்டிக்கொண்டிருந்தேன். பின்னால் நின்ற, கோயில் நிர்வாகம் பார்க்கும் காரியக்காரர் திரையில் விரலை வைத்தார்.

"411-க்கு அப்புறம் 415 வருது. நடுவுல மூணு புள்ளி எங்க தம்பி?"

அது ஆட்டோநம்பர், ஆக்சஸ் தானாகப் போடும் வரிசை எண். புதிதாக ஒரு பெயரைத் தட்ட ஆரம்பித்து, வேண்டாமென்று எஸ்கேப் அழுத்தினாலும் அந்த எண் போனது போனதுதான். சேமித்ததை அழித்தாலும் அதே இடைவெளிதான் விழும். பார்த்து வித்தியாசம் சொல்ல முடியாது. யார் அழித்தார் என்று ஆக்சஸ் தானாகக் குறித்து வைப்பதும் இல்லை. இதையெல்லாம் பொறுமையாகச் சொன்னேன். அவர் டைப் அடிக்கிற பெண்ணைக் கூப்பிட்டார்.

"ஏத்தா, நீ எதையும் அழிச்சியா?"

"ஆமாங்கய்யா. இறந்தவுக பேரை மட்டும், நீங்க சொன்ன மாதிரி..."

'ஆமா'வுக்கு அப்புறம் அவர் காதில் எதுவும் ஏறவில்லை. அந்தப் பெண் அழித்தது துணைவர் டேபிளில், இடைவெளி இருப்பது புள்ளி டேபிளில், இரண்டும் வேறு என்று நானும் குறுக்கே புகுந்து சொன்னேன். அப்போதுதான் என் பக்கம் திரும்பினார்.

"அப்ப இந்த மூணையும் அவ அழிக்கலைன்னு உறுதியாச் சொல்றீங்களா?"

"உறுதியாச் சொல்ல முடியாதுங்கய்யா. ஏட்டோட ஒத்துப் பாத்தாத்தான் தெரியும்."

கும்பாபிஷேகம் முடியட்டும், பார்த்துக்கொள்ளலாம் என்றார்கள். புள்ளிகளை எழுதி வைக்கும் புள்ளி ஏடு பக்கத்து அலமாரியிலேயே இருந்தது. பென்டிரைவில் எடுத்து வைத்த பேக்கப் இதற்கு உதவாது. தினமும் சாயங்காலம் அதே பெயரில் பழையதன் மேலேயே எழுதியிருந்தார்கள்.

அடுத்த தடவை நான் போனபோது அந்த நாற்காலியில் வேறு ஆள்.

என் பதிலில் என்ன தப்பு? தெரியாததைத் தெரியும் என்று சொல்லியிருந்தால் அது பொய். உறுதி இல்லாத இடத்தில் உறுதி தருவது என் தொழில் இல்லை. இப்படிச் சொல்லிக்கொண்டே வரும்போது இன்னொன்றும் தோன்றும்: அவர் கேட்டது டேட்டாபேஸைப் பற்றியே இல்லை. ஒரு பெண்ணை நம்பலாமா என்று கேட்டார். அதற்கு, கேட்டவுடனே சொன்னபடி பெயரை எடுத்தேன் என்று ஒளிக்காமல் சொன்னவளை நம்பாமல் வேறு யாரை நம்புவது என்று பதில் சொல்லியிருக்கலாம். ஆனால் அந்தப் பெண்ணை எனக்கு எவ்வளவு தெரியும்? தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள், அவ்வளவுதான்.

இத்தனைக்கும் வேலையை விட்டு எடுத்தார்கள் என்று யாரும் என்னிடம் சொல்லவில்லை. கல்யாணம் ஆகியிருக்கலாம், காரைக்குடியிலேயே நல்ல சம்பளத்துக்குப் போயிருக்கலாம். நானும் கேட்கவில்லை. காலியான இடத்தைப் பார்த்தவுடன் காரணத்தை முடிவு கட்டியது அவர் மட்டும்தானா என்று தெரியவில்லை.

இப்போது யாருக்குச் செய்து கொடுத்தாலும் ஆட்டோநம்பரைத் திரையில் காட்டுவதில்லை. பெயரை அழிக்கும் பட்டனை எடுத்துவிட்டு, 'காலமானார்' என்று டிக் போட ஒரு கட்டம் வைக்கிறேன். யார் எதை மாற்றினார் என்று பதிகிற டேபிளும் சேர்க்கலாம். பெரிய வேலை இல்லை. சேர்ப்பதா வேண்டாமா என்று ஒவ்வொரு தடவையும் யோசிக்கிறேன். அங்கே அது இருந்திருந்தால் அந்தப் பெண் தப்பித்திருப்பாள். அல்லது மாட்டியிருப்பாள்.