உப்புக் காற்றில் மைப்படி

தரங்கம்பாடிக்கு வருகிறவர்கள் நேராக டான்ஸ்போர்க் கோட்டைக்குத்தான் போகிறார்கள். தஞ்சை ரகுநாத நாயக்கரிடம் அனுமதி பெற்று 1620இல் டேனிஷ்காரர்கள் எழுப்பிய கோட்டை அது. அதைவிட மூன்று நூற்றாண்டு மூத்தது, பக்கத்தில் கடலோரமாக நிற்கும் மாசிலாமணிநாதர் கோயில். மாறவர்மன் குலசேகர பாண்டியன் காலத்துக் கல்வெட்டு ஊரைச் 'சடங்கன்பாடி' என்கிறது. கோயிலின் முன்பகுதியைக் கடல் கொண்டுபோய்விட்டது. அதனால்தான் கரையோர ஊர்களில் கல்வெட்டு எழுத்தைத் தாளில் மையால் ஒற்றிப் படியெடுக்கும் வேலையைத் தள்ளிப்போடவே கூடாது.

இங்கே முதல் எதிரி உப்பு. கல்லின் நுண்துளைகளில் ஏறிய உப்பு, காயும்போது பூத்து மேல்தோலைப் பொருக்குப் பொருக்காக உதிர்க்கும். படியெடுக்க அனுமதி கிடைத்ததும் கல்லை நல்ல தண்ணீரில் இரண்டு மூன்று முறை கழுவ வேண்டும். எழுத்துக் குழியில் அடைந்த சுண்ணாம்பை மூங்கில் குச்சியால் எடுக்கலாம்; ஆணியும் கம்பி பிரஷும் ஆகாது. பழைய கல்வெட்டுகளில் பெரும்பாலும் புள்ளி இராது, ரகரமும் துணைக்காலும் ஒரே மாதிரி இருக்கும். நாம் போட்ட கீறல் அடுத்தவர் கண்ணுக்கு எழுத்தாகிவிடும்.

மேப்லித்தோ என்னும் பூச்சில்லாத அச்சுத் தாளை நனைத்துக் கல்லில் ஒட்டி, நடுவிலிருந்து ஓரம் நோக்கி பிரஷால் அடித்துக் காற்றுக் குமிழியை வெளியேற்ற வேண்டும். தாள் குழிக்குள் இறங்கியது பார்த்தாலே தெரியும். அடுத்த தாள் முந்தைய தாளின் மேல் இரண்டு விரல் அகலம் ஏறட்டும். இல்லையென்றால் வரி முனையில் எழுத்து தொலையும்.

மை ஒற்றும் நேரம்தான் கடினம். விரலின் புறத்தால் தொட்டால் தாள் குளிர வேண்டும், ஆனால் ஈரம் ஒட்டக் கூடாது. ஈரம் மிஞ்சினால் மை குழிக்குள் இறங்கி எழுத்தே கறுத்துவிடும். காய்ந்துவிட்டால் கடற்காற்று தாளைத் தூக்கிவிடும். அதனால் காற்று வலுக்கும் முன், விடியற்காலையில் முடிப்பது நல்லது. துணிப்பந்தில் மையை மிகக் குறைவாக எடுத்து, தேய்க்காமல் ஒற்றினால் கறுப்புக்கு நடுவே வெள்ளை எழுத்து எழும். உரித்ததும் பின்புறம் ஊர், சுவர், திசை, வரி எண்ணைப் பென்சிலால் குறிக்க வேண்டும்.

தொட்டால் மாவாக உதிரும் கல்லில் தாளே ஒட்டக் கூடாது. உரிக்கையில் எழுத்தும் கூடவே வந்துவிடும். இருட்டியபின் டார்ச்சைப் பக்கவாட்டில் சாய்த்துப் பிடித்துப் படம் எடுத்துக்கொள்ள வேண்டியதுதான்.