புது வீடு வாங்க புரோக்கர் எதுக்கு? கிருஷ்ணகிரியில அக்காவுக்கு வீடு பாத்த கதை

எங்க அக்காவும் மாமாவும் ராயக்கோட்டை ரோட்டு பக்கம் புதுசா கட்டின வீடு ஒண்ணு வாங்கினாங்க. 30க்கு 40 மனை, கிழக்கு பாத்த வாசல், ரெண்டு பெட்ரூம். மாமா ஓசூர் சிப்காட்ல ஷிப்ட் போறவரு, அதனால அலைச்சல் எல்லாம் என் தலையில. இப்ப சொந்தத்துல யாரப் பாத்தாலும் ஒரே கேள்வி, "புது வீடுதானேப்பா, பில்டர் நம்பர கேட்லயே எழுதி தொங்க விட்டிருக்கான், நடுவுல புரோக்கர் எதுக்கு, தண்டமா கமிஷன்?" ஒவ்வொருத்தருக்கா பதில் சொல்லி வாய் வலிக்குது, எழுதியே வச்சுடறேன்.

நேரா போனா கமிஷன் மிச்சம்னு நினைக்கறோம்ல, அது பெரும்பாலும் நடக்காது. வரிசையா நாலு வீடு கட்டி வச்சிருக்கறவன் புரோக்கருக்கு குடுக்கற காச விலையிலேயே சேத்துதான் வச்சிருப்பான். நேரா வந்த உங்களுக்கு மட்டும் கொறச்சு குடுத்தான்னு வெளிய தெரிஞ்சா மீதி மூணு வீட்டுக்கு எந்த புரோக்கரும் பார்ட்டி கூட்டிட்டு வரமாட்டாங்க, அந்த பயம் அவனுக்கு. அதனால ஒரே ரேட்தான் சொல்லுவான். மிச்சம் ஆகறது அவனுக்கு, நமக்கில்ல.

அப்ப புரோக்கர் மூலமா போனா நல்லதான்னா, அதுவும் அப்படியே இல்ல. புது வீட்டுல புரோக்கர் பில்டரோட ஆள். நம்ம கூடவே வந்து, டீ வாங்கி குடுத்து, "அண்ணா உங்களுக்காக பேசி வச்சிருக்கேன்"னு சொல்லுவாரு, ஆனா அவருக்கு காசு வர்றது அந்தப் பக்கத்துல இருந்து. விலை ஏறினா அவரு பர்சன்டும் ஏறும், அப்புறம் எப்படி நமக்காக கொறைப்பாரு? இதுல சங்கிலி வேற. ஒருத்தர் இன்னொருத்தர்கிட்ட சொல்லி, அவரு மூணாவது ஆள்கிட்ட சொல்லி, கிரையம் அன்னைக்கு சப் ரிஜிஸ்டர் ஆபீஸ் வாசல்ல நாம பாத்தே இராத முகம் ரெண்டு நின்னுட்டு "நான்தான் முதல்ல சைட் காட்டினது"ன்னு பங்கு கேக்கும். சில பேரு கமிஷனே வேணாம்பாங்க, அங்கதான் ஜாக்கிரதையா இருக்கணும், ஓனர் சொன்ன விலைக்கு மேல வச்சு விக்கறாங்கன்னு அர்த்தம்.

சித்தி பையன் ஒருத்தன் டெக்சாஸ்ல இருக்கான், அவன் சொல்றது வேற மாதிரி இருக்கு. அங்க புது வீட்டு சைட்ல உக்காந்திருக்கற ஆள் பில்டரோட ஆள்னு எல்லாருக்கும் தெரியும், அதனால வாங்கறவங்க தனியா ஒரு ஏஜென்ட்ட முதல் தடவை போறப்பவே கூட கூட்டிட்டு போவாங்களாம். 2024 ஆகஸ்ட்ல இருந்து வீடு சுத்திப் பாக்கறதுக்கு முன்னாடியே ஏஜென்ட் கூட எழுத்துல ஒப்பந்தம் போடணும், எவ்வளவு காசுன்னு அதுலயே இருக்கும். நம்மூர்ல எழுத்தும் கிடையாது ஒண்ணும் கிடையாது, "பாத்து செய்ங்க"தான்.

நாங்க என்ன பண்ணோம்னா, அப்பாவுக்கு தெரிஞ்ச பழைய புரோக்கர் அண்ணன் ஒருத்தர், லண்டன்பேட்டை பக்கம், அவர்கிட்ட உடைச்சே பேசினோம். "அண்ணா நீங்க எங்க ஆளு, பில்டர்கிட்ட கை நீட்டக்கூடாது, ஒரு பர்சன்ட் நாங்க தர்றோம், பாதி கிரையத்தன்னைக்கு, மீதி ஈபி, வீட்டு வரி, பட்டா எல்லாம் அக்கா பேருக்கு மாறினப்புறம்." சிரிச்சாரு. "தம்பி, வேலைக்காரனுக்கு கூட இப்படி சம்பளம் பிடிக்கமாட்டாங்கப்பா"ன்னாரு, ஆனா ஒத்துக்கிட்டாரு. பில்டர்கிட்டயும் தனியா வாங்கினாரா இல்லையான்னு எனக்கு இன்னமும் லேசா டவுட்தான், போகட்டும்.

அவரு குடுத்த காசுக்கு வேலை செஞ்ச இடம் எதுன்னா, தண்ணி. தர்மபுரி, கிருஷ்ணகிரி ரெண்டு மாவட்டத்துலயும் போர் தண்ணில ஃபுளோரைடு பிரச்சனை எவ்வளவு பழசுன்னு நம்ம எல்லாருக்கும் தெரியும், ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர் திட்டம் வந்ததே அதுக்காகத்தான். ஆனா வீடு பாக்கப் போனா டைல்ஸையும் மாடுலர் கிச்சனையும் பாப்போமே தவிர தண்ணிய யாரு கேக்கறா? ஒரு வீட்டுல பில்டர் "600 அடி போர், தண்ணி கொட்டுது சார்"னு சொல்லிட்டு இருக்கான், அண்ணன் என்ன ஓரமா கூப்பிட்டு "தம்பி, இந்த தெருவுக்கு ஒகேனக்கல் லைன் இன்னும் வரல, குளிக்க ஆகும், குடிக்க ஆகாது"ன்னாரு. லிட்டருக்கு 1.5 மில்லிகிராமுக்கு மேல ஃபுளோரைடு இருந்தா குடிக்கக் கூடாது, சின்னப் பசங்க இருக்கற வீடு, பல்லுல கறையாவே தெரிஞ்சுடும். அந்த வீட்ட அங்கயே விட்டோம். இன்னொரு இடம் மாந்தோப்ப அழிச்சு போட்ட லேஅவுட், பாக்க அவ்வளவு அழகு, அதுக்கு பின்னாடி மழைக்கு ஓடை எந்தப் பக்கம் வரும்னு அவருக்கு தெரியும், எனக்கு எப்படி தெரியும்? எல்லாத்துக்கும் மேல, நாங்க கடைசியா வாங்கின வீட்டோட பில்டர் முன்னாடி கட்டி வித்த இன்னொரு வீட்டுக்கு கூட்டிட்டு போய் அங்க குடியிருக்கற ஒரு அக்காகிட்ட பேச விட்டாரு, அவங்க மாடிய காட்டி "மழை வந்தா இந்த மூலை மட்டும் ஊறும்"னு சொன்னது எந்த பிரவுச்சர்லயும் வராது.

ஆனா பத்திரம்னு வந்தா அவரும் எல்லா புரோக்கர் மாதிரிதான், "எல்லாம் கிளியர் தம்பி". இதுக்கு மட்டும் புரோக்கர நம்பவே கூடாது, எவ்வளவு நல்லவரா இருந்தாலும். நாங்க தனியா வக்கீல் வச்சோம். பேங்க் வக்கீல் பாக்கறாரே போதும்னு மாமா சொன்னாரு, அவரு பேங்க் போட்ட காசு திரும்ப வருமான்னு பாக்கறவரு, நம்ம கேள்வி வேற. நம்ம ஏரியால ஒரு கூத்து இருக்கு. கிருஷ்ணகிரி தனி மாவட்டம் ஆனது 2004ல, அதுக்கு முந்தின தாய்பத்திரத்துல, அதாவது இடத்தோட பழைய மூலப்பத்திரத்துல, தர்மபுரி மாவட்டம்னு இருக்கும், 1965க்கும் முன்னாடி போனா சேலம் மாவட்டம். அத பாத்து பயப்பட வேண்டாம், ஆனா ஒவ்வொரு பத்திரத்துலயும் சர்வே நம்பர் ஒண்ணோட ஒண்ணு பொருந்துதான்னு பாக்கணும், உட்பிரிவு ஆகி நம்பர் மாறியிருந்தா அந்த தொடர்ச்சி காகிதத்துல இருக்கணும். வில்லங்கச் சான்ற, அதாவது இடத்து மேல என்னென்ன பத்திரம், அடமானம் பதிவாகியிருக்குன்னு காட்டற காகிதத்த, ஆன்லைன்லயே போட்டு பாக்கலாம், பத்து பதினஞ்சு வருஷத்துக்கு மட்டும் போட்டுட்டு நிறுத்தாதீங்க.

அண்ணன் ஒரு யோசனையும் சொன்னாரு, "பூமிக்கு மட்டும் பத்திரம் போட்டுக்கலாம், கட்டடம் காட்ட வேணாம்"னு. முத்திரைத்தீர்வை 7, பதிவுக்கட்டணம் 2, மொத்தம் 9 பர்சன்ட் போகுதே, ஆசை வரத்தான் செய்யும். ஆனா அதிகாரி நேர்ல வந்து பாத்தா கட்டடம் என்ன மறைஞ்சா நிக்கும்? லோனும் கட்டடத்தோட மதிப்புக்கு வராது. அதே மாதிரி "அக்கா பேர்ல பதிஞ்சா ஒரு பர்சன்ட் கம்மி"ன்னாரு. பெண்களுக்கு அந்த சலுகை இருக்கறது உண்மை, 2025 ஏப்ரல்ல இருந்து, ஆனா 10 லட்சம் மதிப்பு வரைக்கும்தான். இந்த காலத்துல 10 லட்சத்துக்கு எங்க வீடு வருது.

ரெரா, அதான் ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை சட்டம், அத பத்தியும் கேக்கறீங்க. 500 சதுர மீட்டருக்கு மேல இடம், எட்டு வீட்டுக்கு மேல யூனிட் இருக்கற புராஜெக்ட்னா ரெரா பதிவு கட்டாயம், அத விக்கற ஏஜென்ட்டும் பதிவு பண்ணியிருக்கணும், அக்ரிமென்ட் பதியாம 10 பர்சன்டுக்கு மேல அட்வான்ஸ் வாங்கக்கூடாது, கட்டுமான குறைக்கு அஞ்சு வருஷம் பில்டர் பொறுப்பு. எல்லாம் நல்ல சட்டம்தான், ஆனா நம்ம ஊர்ல ரெண்டு மனை வாங்கி மூணு வீடு கட்டி விக்கற ஆளுங்கதான் அதிகம், அவங்க இந்த வலையிலயே மாட்டமாட்டாங்க. அதனால நமக்கு பாதுகாப்பு அக்ரிமென்ட்ல நாம எழுதி வாங்கற வரிதான். ஒரு வருஷத்துக்கு ஒழுகல், விரிசல் எல்லாம் பில்டர் செலவுன்னு எழுதினோம்.

இன்ஜினியர் ஒருத்தர கூட்டிட்டு போங்க, கண்டிப்பா. எங்க ஆள் டைல்ஸ தட்டிப் பாத்தே உள்ள காலியா இருக்கற இடத்த எல்லாம் சாக்பீஸ்ல வட்டம் போட்டாரு, மாடில தண்ணி தேக்கி ஒரு நாள் விட சொன்னாரு, பாத்ரூம்ல தண்ணி வெளிய போற ஓட்டைய விட்டு கதவு பக்கம் ஓடுச்சு. லிஸ்ட் நீளமா ஆயிடுச்சு. பில்டர் "கிரையம் முடியட்டும், பண்ணித் தரேன்"ங்கறான். கிரையம் முடிஞ்சா அவன் போன் எடுக்கமாட்டான்னு சின்னக் குழந்தைக்கும் தெரியும், ஆனா பேங்க் செக் அன்னைக்கே அவன் கைக்கு போயிடும், எத பிடிச்சு வைக்கறது? அங்கதான் அண்ணன் உதவினாரு. நம்ம பங்கு பணத்துல ஒரு லட்சத்துக்கு மட்டும் மாமா தனி செக் எழுதி அண்ணன்கிட்ட குடுத்து வச்சாரு, லிஸ்ட் முடிஞ்சா பில்டருக்கு. ரெண்டு பக்கமும் நம்பற ஆள் ஒருத்தர் இல்லாம இது நடந்திருக்காது, நேரா போயிருந்தா நாங்க இத கேக்கக் கூட முடிஞ்சிருக்காது.

கிரையத்துக்கு அப்புறம் இருக்கற வேலைய யாரும் சொல்லமாட்டாங்க. கட்டுமானத்துக்கு வாங்கின ஈபி கனெக்‌ஷன் அப்படியே இருந்தா பில் எகிறும், வீட்டு டாரிஃபுக்கு மாத்தினாதான் ப்ரீ யூனிட் எல்லாம் வரும். அத அண்ணன் ஓடி ஓடி முடிச்சாரு, மீதி கமிஷன் நிக்குதுல்ல. வீட்டு வரியும் மாறிடுச்சு. பட்டாதான் உட்பிரிவு பண்ணணும், சர்வேயர் வந்து அளக்கணும்னு நிக்குது. அண்ணன் நேத்து போன் பண்ணி "தம்பி பட்டா என் கையில இல்லப்பா, தாலுகா ஆபீஸ் கையில, காச குடுத்துடேன்"ங்கறாரு. மாமா பாதிய குடுத்துடலாம்ங்கறாரு, அக்கா பட்டாவ கண்ணுல காட்டட்டும்ங்கறா.