அரிக்கன் சட்டியும் குளோண்டைக் மண்ணும்

கனடாவின் யூக்கான் பிரதேசத்தில், டோசன் நகரத்துக்குத் தெற்கே உள்ள குளோண்டைக் ஓடைகளில் ஒன்றின் கரையில், ஒரு குடும்பம் நடத்தும் சிறிய தங்கச் சுரங்கத்தில் நான் இரண்டு கோடைப் பருவங்கள் வேலை பார்த்தேன். டொராண்டோவின் ஸ்காபரோவில் வெல்டராக இருந்த என்னை இயந்திரப் பழுது பார்க்கத்தான் எடுத்தார்கள். ஆனாலும் போய்ச் சேர்ந்த அன்று மாலையே முதலாளி ஒரு பச்சைப் பிளாஸ்டிக் தட்டில் இரண்டு கை மண்ணைப் போட்டு, என்னை ஓடைக்கரையில் குந்தவைத்து, அரித்துக் காட்டச் சொன்னார். தட்டின் ஒரு பக்க உட்சுவரில் வரிவரியாக மேடுகள் இருந்தன. அதைக் கண்டதும் யாழ்ப்பாணத்தில் எங்கள் குசினியில் இருந்த அரிக்கன் சட்டிதான் நினைவுக்கு வந்தது. உள்ளே வரி போட்ட அந்த மண்சட்டியில் அம்மா அரிசியைத் தண்ணீரோடு சுழற்றிச் சுழற்றி வேறு பாத்திரத்தில் வார்ப்பார். கல் பாரமென்பதால் வரிகளுக்குள் தங்கிவிடும். அங்கே எஞ்சும் கல்லை முற்றத்தில் எறிவோம், இங்கே எஞ்சுவதற்குத்தான் இவ்வளவு பாடு என்று எண்ணிக்கொண்டே முக்கால் மணி நேரம் அரித்தேன். முடிவில் தட்டில் ஆறு சாம்பல் நிறத் துணுக்குகள் கிடந்தன. முதலாளி அந்த மண்ணில் பத்து ஈயக் குண்டுகளைத் தட்டி மெலிதாக்கிக் கலந்திருக்கிறார். "மற்ற நாலும் எங்கே?" என்று மட்டும் கேட்டுவிட்டுச் சாப்பிடப் போய்விட்டார்.

அந்த நாலைப் பற்றிய கேள்வி இரண்டு பருவமும் என்னோடு இருந்தது. அந்தப் பள்ளத்தாக்கில் தங்கம் இருக்கிறதா என்று எவரும் கேட்பதில்லை. 1896 ஆகஸ்ட் 16ஆம் தேதி, பின்னாளில் பொனான்சா என்று பெயர் பெற்ற ஓடையில் அதைக் கண்டெடுத்த ஸ்கூக்கும் ஜிம், டோசன் சார்லி, ஜார்ஜ் கார்மாக் ஆகியோரின் காலத்திலிருந்தே அது தெரிந்த விஷயம். வட அமெரிக்காவின் பெரும் பகுதியைப் பனியாறுகள் சுரண்டிச் சென்றபோது இந்தப் பகுதி தப்பிவிட்டது. ஆகவே மலைகளிலிருந்து கழுவுண்டு வந்த தங்கம், ஓடைகளின் அடிப்பாறையை ஒட்டிய கடைசிச் சில அடிச் சரளைக்குள் அப்படியே படிந்து கிடக்கிறது. தோண்டி எடுத்ததை நழுவ விடாமல் இறுதிவரை கொண்டுசேர்ப்பதற்கே எங்கள் நாட்கள் அனைத்தும் செலவாயின.

பொனான்சா ஓடையில் நான்காம் எண் தூர்வாரிக் கப்பல் இன்றும் நிற்கிறது. 1912இல் கட்டப்பட்டு, 1959 வரை வாளிச் சங்கிலியால் ஆற்றுப்படுகையைத் தின்றபடியே ஊர்ந்து சென்ற எட்டு மாடி உயர மரக்கூடு அது. அத்தகைய கப்பல்கள் கழித்த கற்குவியல்கள், மண்புழு விட்டுச்சென்ற கழிவுபோல, டோசன் வரையிலும் வளைந்து வளைந்து கிடக்கின்றன. உள்ளே சுழலும் சல்லடையின் துளைக்குள் நுழையாத பெரிய தங்கக் கட்டிகள் கல்லோடு கல்லாக அந்தக் குவியல்களுக்குப் போயிருக்கும் என்பது எங்கள் முதலாளியின் உறுதியான நம்பிக்கை. ஞாயிற்றுக்கிழமைகளில் உலோகங்காட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு அவர் அவற்றின் மேலே அலைவார். ஆணிகளும் இரும்புக் கம்பிகளுமாகத்தான் கொண்டுவருவார்.

எங்கள் வேலை மே நடுவில் தொடங்கிச் செப்டம்பர் கடைசியில் முடியும். சரளைக்கு மேலே நிரந்தர உறைமண் கிடக்கிறது. புல்டோசரின் பல்லே வழுக்கிவிடும் அளவுக்கு அது இறுகியிருந்தது. பழைய காலத்தவர்கள் விறகெரித்தும், பின்னர் நீராவிக் குழாய்களை அடித்திறக்கியும் அதை இளக்கினார்கள். நாங்கள் வெயிலிடம் விட்டுவிட்டோம். ஜூன் மாதத்தில் அங்கே இருட்டுவதே இல்லை. மேல் தோலைச் சீவிவிட்டால் சில அங்குலம் உருகும், உருகியதைத் தள்ளிவிட்டு மறுநாள் வரை காத்திருக்க வேண்டும். பல ஆயிரம் ஆண்டுகளாக அழுகாமல் கிடந்த புல்லும் வேரும் வெயில் பட்டவுடன் அழுகத் தொடங்கும்போது எழும் நாற்றத்தை, மாட்டுத் தொழுவமும் சேற்றுக் குளமும் சேர்ந்தது என்றுதான் சொல்லத் தோன்றுகிறது. அந்த மண்ணிலிருந்து எலும்புகளும் வரும். 2022 ஜூனில் யுரேகா ஓடையில் ஒரு சுரங்கத் தொழிலாளியின் இயந்திரத்துக்கு முன்னால், 30,000 ஆண்டுகளுக்கும் மேலாக உறைந்திருந்த, இன்று அழிந்துபோன கம்பளி யானையான மாமூத்தின் குட்டி ஒன்று தோலும் தும்பிக்கையுமாக வெளிப்பட்டது. அந்தப் பகுதியின் பழங்குடியினரான டிரொன்டெக் ஹ்வெச்சின் மக்களின் மூத்தோர் அதற்கு நுன் சோ கா என்று பெயரிட்டார்கள். எங்களுக்கு அகப்பட்டவை பெரும்பாலும் காட்டெருமை எலும்புகளே.

சரளை வெளிப்பட்ட பிறகு கழுவும் இயந்திரத்தின் ஆட்சி. பெருங்கற்களைச் சுழல் சல்லடை ஒதுக்கிவிட, மீதி தண்ணீரோடு சரிவான நீண்ட தகரப் பெட்டிக்குள் பாயும். பெட்டியின் அடியில் நைலான் நார்ப் பாய், அதன்மேல் இரும்புக் குறுக்குச் சட்டங்கள். தங்கம் தண்ணீரைப்போல் பத்தொன்பது மடங்கு பாரம், சாதாரணக் கல் இரண்டரை மடங்குக்குச் சற்று மேல்; இந்த வித்தியாசத்தை நம்பித்தான் எல்லாமே நடக்கின்றன. ஓர் அடி நீளத்துக்கு ஏறக்குறைய இரண்டு அங்குலச் சரிவு வைத்திருந்தோம். தண்ணீர் குறைந்தால், இரும்புத் தாது கலந்த பாரமான கருமணல் சட்டங்களுக்கிடையே இறுகி, தங்கம் அதன் மேலால் சறுக்கிப் போய்விடும். கூடினால் எல்லாவற்றையும் அடித்துக்கொண்டு போய்விடும். முதற்பருவம் ஜூலையில், கற்கள் அடைத்துக்கொண்டதென்று நான் பம்பின் வேகத்தைக் கூட்டிவிட்டு, திரும்பக் குறைக்க மறந்துபோனேன். பெட்டியின் வால்பக்கத்து மண்ணை இரண்டு மணிக்கொருமுறை தட்டில் அரித்துப் பார்ப்பது முதலாளியின் மனைவியின் பொறுப்பு. அன்று அவர் தட்டில் பதினொரு பொட்டுகள் மின்னின. ஒரு சொல்லும் கடிந்து சொல்லாமல் இயந்திரத்தை நிறுத்தச் சொன்னார். அரைநாள் மண்ணையும் மறுபடி அள்ளி ஊட்டினோம். எரிந்த டீசலுக்கான கணக்கை இரவில் அவர் எனக்குத் தெரியும்படியே எழுதினார்.

மூன்று நாளைக்கொருமுறை பெட்டியைக் கழுவி எடுப்பது, இருவர் இல்லாமல் எவரும் தொடாத வேலை. பாய்களைச் சுருட்டித் தொட்டியில் உதறி, சேர்ந்த கருமணலைச் சிறிய பெட்டியில் மறுபடி ஓட்டி, பிளாஸ்டிக் பை சுற்றிய காந்தத்தால் இரும்புத் துகள்களை நீக்கி, கடைசியில் தட்டுக்கு வரவேண்டும். ஓடைத் தண்ணீரின் குளிரில் என் விரல்கள் வெடித்திருந்தன. காலையில் வாஸ்லின் களிம்பு பூசிக்கொண்டு வந்துவிட்டேன். அரிக்கத் தொடங்கியதும், மாவைப்போன்ற நுண்ணிய தங்கம், தண்ணீரின்மேல் மஞ்சள் தூவினாற்போல மிதந்து தட்டின் விளிம்பை நோக்கிப் போயிற்று. இரும்பைவிடப் பாரமான ஒன்று மிதப்பதை நம்ப முடியாமல் நான் பார்த்துக்கொண்டிருக்க, முதலாளி சட்டி கழுவும் சோப்பில் ஒரு துளியை விட்டார். மஞ்சள் படலம் உடைந்து அப்படியே அமிழ்ந்தது. எண்ணெய்ப் பசை பட்ட தங்கத் துகளில் தண்ணீர் ஒட்டாதாம். விளிம்பைத் தாண்டிப் போனது கீழே வைத்திருந்த தொட்டியில்தான் விழுந்தது என்பதால் பிழைத்தேன். அதற்குப் பிறகு அந்த வேலைக்கு முன்னர் இரண்டு முறை சோப்புப் போட்டுக் கை கழுவினேன். புண்ணில் எரிந்தாலும் கழுவினேன்.

புதிய இடம் தேட, அனுமதி பெற்ற ஓடைப்பகுதியில் நாலு அங்குலக் குழாய் கொண்ட சிறிய உறிஞ்சு தூர்வாரி ஒன்றையும் பயன்படுத்தினோம். மிதவைகளின்மேல் ஒரு பெட்ரோல் எஞ்சினும் பம்பும் குட்டிப் பெட்டியும் இருக்கும். பம்பு வேகமாகப் பீய்ச்சும் தண்ணீர், குழாயின் வாயில் உறிஞ்சும் விசையை உண்டாக்கி, அடிப்பாறையின் வெடிப்புகளிலிருந்து மண்ணை இழுத்துவரும். முதலாளியின் மகன் நீர்புகாத உடையில், இடுப்பில் ஈயக் கட்டிகளோடு, காற்றுக் குழாயைக் கடித்துக்கொண்டு அடியில் கிடப்பார். நான் மேலே நின்று எஞ்சினையும் அவருடைய காற்றையும் கவனிப்பேன். அந்தப் பகுதிப் பாறை ஏடுஏடாகப் பிளக்கும் ஜாதி. தட்டையான துண்டு ஒன்று குழாய்க்குள் குறுக்கே சிக்கினால் பின்னால் வருவதெல்லாம் அதில் சேர்ந்து அடைத்துவிடும். நீளக் கம்பியால் குத்தி அதை எடுத்துவிட்டு, கயிற்றை இரண்டு முறை இழுத்து அவருக்குச் சொல்ல வேண்டும். நாற்பது நிமிடத்தில் அவர் உதடு நீலமாகி மேலே வருவார். தேநீர் குடிக்கும்போதுகூடத் தன் கையுறையின் மடிப்புகளைத் தட்டுக்குள் உதறிய பிறகே கழற்றுவார். எனக்கு முதலில் அது கஞ்சத்தனமாகப் பட்டது.

செப்டம்பரில் பெட்டிக்குள் காலையில் பனிக்கட்டி படியத் தொடங்கியபோது வேலை நின்றது. எடுத்த தங்கத்துக்கு அரசுக்குக் கட்ட வேண்டிய பங்கு, ஓர் அவுன்ஸை 15 டாலராகக் கணித்து அதில் இரண்டரை சதவீதம், அதாவது 37.5 சென்ட்தான்; நூறு ஆண்டுகளுக்கு மேலாக அந்தத் தொகை மாறவில்லை. டீசலின் விலை அப்படி நிற்கவில்லை என்பதை முதலாளி ஒவ்வோர் இரவும் சொல்வார். இரண்டாம் பருவத்தின் கடைசிச் சம்பளத்தில் ஒரு பகுதியை நான் தங்கமாகவே கேட்டேன். ஓர் அவுன்ஸுக்கு, அதாவது நாலு பவுனுக்குச் சற்றுக் குறைவாக, ஒரு சிறிய கண்ணாடிக் குப்பியில் நிறுத்துத் தந்தார்.

ஸ்காபரோவில் தெரிந்த நகைக்கடைப் பத்தரிடம் அதைக் கொண்டுபோனேன். உரைகல்லில் தேய்த்து அமிலம் விட்டுப் பார்த்தவர், "தம்பி, இது பத்தொன்பது காரட் வரும். வெள்ளி நிறையக் கலந்திருக்கு. இருபத்திரண்டுக்குத் தாற விலை தரேலாது" என்றார். குளோண்டைக் தங்கம் ஏறக்குறைய எண்பது சதவீதம்தான், மீதி பெரும்பாலும் இயற்கையாகவே கலந்த வெள்ளி என்று சொன்னேன். அவர் நம்பியதாகத் தெரியவில்லை. விற்கவில்லை என்று சொல்லிக் குப்பியில் திரும்பக் கொட்டும்போது, ஒரு பொட்டு என் விரல் ரேகையில் ஒட்டிக்கொண்டது. நான் வாய் திறப்பதற்குள் அவர் என் கையின்கீழ் ஒரு வெள்ளைத் தாளைப் பிடித்து, விரலை மெதுவாகத் தட்டினார்.